பனிமூட்டத்துப் படகை வளர்த்தவள்

உராகி தபால் ஆபீசில் மூன்றாவது ஜன்னல் பார்சல் ஜன்னல். போர் நடந்த காலத்திலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தவள் ஹிராடே கிவா. பொட்டலத்தைக் கையில் வாங்கி ஒரு தரம் தூக்கிப் பார்த்தாலே எடையைச் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு தராசில் வைப்பது சட்டத்துக்காகத்தான். யாராவது கயிற்றைச் சரியாகக் கட்டாமல் கொண்டுவந்தால், திட்டிக்கொண்டே அவிழ்த்து அவளே மறுபடி கட்டித் தருவாள். முடிச்சு போட்டு முடித்ததும் தன் சிவப்பு முத்திரையை ஓரத்தில் அழுத்துவாள். அந்த முத்திரையில் ஹிராடே என்ற குடும்பப் பெயர் மட்டும், ஜப்பானிய எழுத்தில் இரண்டே எழுத்து.

கணவன் தெற்கே ஏதோ ஒரு தீவில் காய்ச்சலில் செத்துப்போனதாகக் காகிதம் வந்தது. பிள்ளை இல்லை. மாமனார் அதற்கும் ஒரு வருஷம் முன்பே போய்விட்டார். அவர் விட்டுப்போனது இரண்டு அறை வீடு, கொல்லையில் ஒரு வாய்க்கால், அப்புறம் நாற்பது தொட்டி ஐரிஸ் பூச்செடி.

அந்தத் தொட்டிகள் உண்மையில் அவருடையவை அல்ல, தூறல் சங்கத்துடையவை. ஜூன் மாதத் தூறலில் பூக்கிற ஐரிஸை நூறு வருஷமாக வளர்த்து வந்த ஒரு சின்னக் கூட்டம் அது. எந்தக் காலத்திலும் இருபது பேருக்கு மேல் இருந்ததில்லை. வேரோ விதையோ உறுப்பினர் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருவர் செத்தால் அவர் தொட்டிகள் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும். இதுதான் அவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சத்தியம். அண்ணன் தம்பிக்குக் கூடக் கொடுக்க முடியாது. ஊருக்கு வெளியே அந்தப் பூக்களைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

மாமனார் இறந்தபோது திரும்ப வாங்கிக்கொள்ளச் சங்கத்தில் ஆள் இல்லை. பாதிப் பேர் போருக்குப் போயிருந்தார்கள். மீதி வீடுகளில் முற்றம் முழுக்க சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடச் சொல்லி உத்தரவு. பூச்செடி வைத்திருந்தால் அக்கம்பக்கத்துக் குழுத் தலைவர் வந்து பிடுங்கி எறிந்துவிட்டுப் போவார். சங்கத் தலைவர் தோயி கன்பேய், ஊரின் பெரிய சாராய வடிசாலைக்காரர், ஒரு நாள் கிவாவைத் தேடி வந்தார். மாமனாரின் தொட்டிகளையும் சேர்த்து எல்லோரிடமும் இருந்ததில் வகைக்கு ஒன்றாக முப்பத்தோரு வேர்களை ஒரு கூடையில் கொண்டுவந்திருந்தார். "இதை எப்படியாவது உயிரோட வச்சிரும்மா. வச்சுக் குடுத்தா, உன்னையும் சங்கத்துல சேர்த்துக்கிறோம்" என்றார். நூறு வருஷத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்ததில்லை. அவசரத்தில் மனிதர் எதையும் சொல்வார்.

கிவா அந்த வேர்களைக் கொல்லை வாய்க்கால் ஓரத்தில் கோரைப் புதருக்கு நடுவே நட்டாள். இலை மட்டும் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பூத்தால் தெரிந்துவிடும். ஆகவே மூன்று ஜூன் மாதம், தினமும் விடிந்ததும் வாய்க்காலில் இறங்கி, மொட்டு தலைகாட்டியதும் நகத்தால் கிள்ளி எடுத்துவிடுவாள். அவள் காப்பாற்றிய பூ எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பெயர்ச்சீட்டு வைக்க முடியாததால் இலையைப் பார்த்தே அடையாளம் வைத்துக்கொண்டாள். ஒன்றுக்கு அடித்தண்டில் ஊதா படியும், ஒன்றின் இலை நுனி இடப்பக்கம் சாயும், ஒன்று மற்றவற்றை விட பத்து நாள் பிந்தித் தழைக்கும். போர் முடிந்தபோது முப்பத்தொன்றில் இருபத்தொன்பது உயிரோடு இருந்தன.

கூடையைத் திருப்பிக் கொடுத்தபோது கன்பேய் நன்றி சொன்னார், குனிந்து வணங்கினார், ஒரு குடுவை சாராயமும் அனுப்பிவைத்தார். சேர்ப்பது பற்றி மூச்சு விடவில்லை. அதை எடுத்துப் பேசியவர் குவாஹாரா தெய்ஜி ஒருவர்தான்.

தெய்ஜி கடிகாரம் பழுதுபார்ப்பவர், தபால் ஆபீசுக்கு எதிர்க்கடை. கிவாவை விட எட்டு வயது மூத்தவர். மெல்லிய குரல், கண்ணில் பூதக்கண்ணாடி அழுத்திய வட்டம் எப்போதும் இருக்கும். போருக்குப் பின் கூடிய முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று, கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றாத சங்கம் வேருக்கு மட்டும் சத்தியம் கேட்பது வெட்கக்கேடு என்று சொல்லிவிட்டார். அந்த மெல்லிய குரலில் அதைக் கேட்டதும் யாருக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. கிவா பதினெட்டாவது உறுப்பினர் ஆனாள்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை என்றால் தெய்ஜியும் கிவாவும் சேர்ந்துதான் செடி வேலை பார்த்தார்கள். தெய்ஜி வீட்டுப் பூனை ஒன்று தொட்டிகளுக்கு நடுவே தூங்கும். மொட்டு விரிவதற்கு முந்தைய நாள், தெய்ஜி கடிகார இடுக்கியால் இதழைப் பிரித்து மகரந்தத் தண்டுகளை எடுத்துவிடுவார். மறுநாள் கிவா வேறொரு பூவின் மகரந்தத்தைத் தடவி, காகிதப் பை மாட்டிக் கட்டுவாள். முடிச்சு அவள் வேலை. இலையுதிர் காலத்தில் விதை முற்றும். விதைத்து மூன்றாம் வருஷம்தான் முதல் பூ. நூறு நாற்றில் தொண்ணூற்றெட்டு குப்பைக்குப் போகும். இதெல்லாம் தெரிந்தே செய்கிறவர்களுக்குத்தான் இந்தப் பைத்தியம் பிடிக்கும்.

போர் முடிந்த எட்டாம் வருஷம், கிவாவின் வீட்டில் ஒரு நாற்று பூத்தது. ஆறு இதழ். சாம்பல் கலந்த வெள்ளை. அடியில் மஞ்சள் கீற்றிலிருந்து இளம் ஊதா நரம்புகள் கிளம்பி, ஓரத்தை எட்டும் முன்பே கரைந்துவிடும். முதல் நாள் சுமாராகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் இதழ் முழுக்க விரிந்து, தட்டு அகலத்துக்குத் தொங்கியது. தெய்ஜி அதன் முன்னால் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து நரம்பு கரைகிற இடத்தைப் பார்த்தார். பிறகு, "பனிமூட்டத்துப் படகு" என்றார். அந்தப் பெயரே நிலைத்தது. சங்கத்துப் பதிவேட்டில் கன்பேய் தன் கையால் தூரிகை பிடித்து, பூவின் பெயரையும் கீழே 'வளர்த்தவர் ஹிராடே கிவா' என்றும் எழுதினார். அந்த வருஷக் காட்சியில், வடிசாலை வீட்டுப் பெரிய கூடத்தில் தங்கத் திரைக்கு முன்னால் வைத்த ஒன்பது தொட்டிகளில் நடுத்தொட்டி அவளுடையது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அதன் முன் முழங்காலிட்டு உட்கார்ந்து, பார்த்து, தலை தாழ்த்திவிட்டு நகர்ந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தபின் தனியாக உட்கார்ந்து சிரித்ததாகக் கிவா பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, ஜூலை மூன்றாம் தேதி, உராகி ஆறு கரை மீறியது. தபால் ஆபீசுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அதிகாரி மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கிவா மட்டும் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலில் இருந்தாள். அன்று முழுவதும் வந்தது ஒரே ஒரு பார்சல். தெய்ஜிதான் கொண்டுவந்தார், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, பொட்டலத்தைத் தலைமேல் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தார். யோகோஹாமாவில் வேலை தேடிக்கொண்டிருந்த மகன் ரியோசுகேக்கு. உள்ளே உலர்ந்த காளான் என்று எழுதியிருந்தது.

கிவா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, இது உலர்ந்த காளான் கனமா? ஆத்துல முக்கி எடுத்துட்டு வந்தீங்களா?"

"இந்த வருஷம் சரியா காயலைம்மா."

"போய்ச் சேர்றதுக்குள்ள பூசணம் பிடிச்சிரும். ரியோசுகே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் பிரிப்பான்."

தெய்ஜி சிரித்தார். அவளே கயிற்றை அவிழ்த்து, மேலே இன்னொரு எண்ணெய்க் காகிதம் சுற்றி, இறுக்கிக் கட்டி, முத்திரையை அழுத்தினாள். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று இரண்டு முடிச்சு கூடப் போட்டாள். அந்த ஆகஸ்டில் ரியோசுகேக்கு யோகோஹாமாவில் ஒரு பெரிய செடிப்பண்ணையில் வேலை கிடைத்தது. ஊரில் எல்லோரிடமும் தெய்ஜி துறைமுகத்து வேலை என்றே சொன்னார். கிவா தெய்ஜி வீட்டுக்குச் நல்ல சேதிக்கென்று சிவப்புப் பயறு சேர்த்த சோறு சமைத்து எடுத்துப்போனாள்.

இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வருஷத் தொடக்கத்தில், யோகோஹாமா பண்ணை ஒன்றின் விலைப்பட்டியல் எப்படியோ கன்பேய் கைக்கு வந்தது. வண்ணப்படம் போட்ட பட்டியல். ஏழாம் பக்கத்தில் பனிமூட்டத்துப் படகு. பெயர் மட்டும் வேறு, 'துறைமுகத்துக் காலை'. வளர்த்தவர் பெயர் இல்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், வெளிநாட்டுக்கும் அனுப்பப்படும்.

கன்பேய் தன் மைத்துனனை ஆள் தெரியாமல் பண்ணைக்கு அனுப்பினார். அனுப்பியவர் பெயரைச் சொல்ல மாட்டோம் என்று பண்ணைக்காரர்கள் கறாராக இருந்துவிட்டார்கள். ஆனால் புதுச்செடியை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் அது சுற்றி வந்த பார்சலின் தபால் சீட்டைக் கத்தரித்து ஒரு அட்டையில் ஒட்டிவைப்பது அவர்கள் வழக்கம். பேர் இருக்கும் பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபாதியைக் காட்டினார்கள். உராகி தபால் ஆபீஸ், ஜூலை மூன்று. ஓரத்தில் சிவப்பாக, ஹிராடே.

கூட்டம் வடிசாலை வீட்டில் நடந்தது. பதினாறு பேர் வந்திருந்தார்கள். கன்பேய் விலைப்பட்டியலை நடுவில் விரித்துவைத்து, மைத்துனன் நகலெடுத்து வந்த சீட்டின் விவரத்தை வாசித்தார். பிறகு கிவாவைப் பார்த்து, இந்த முத்திரை உன்னுடையதுதானே என்று கேட்டார்.

"என்னோடதுதான் ஐயா. ஊர்ல போற பார்சல் எல்லாத்துலயும் என் முத்திரைதான் இருக்கும்."

"பூவும் உன்னோடது. முத்திரையும் உன்னோடது. வேற யாரை நான் கேக்கட்டும்?"

தேதியைக் கேட்ட கணத்திலேயே கிவாவுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளம் வந்த நாளை யார் மறப்பார்கள். அவள் தெய்ஜியைப் பார்த்தாள். அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. அவர் எழுந்து பேசப்போகிறார் என்றே அவள் நினைத்தாள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் அவளுக்காக எழுந்தவர்தானே. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள். தானே எழுந்து அவர் பெயரைச் சொல்வது அசிங்கமாகப் பட்டது. ஒரு மனிதன் தன் தவறைத் தானே சொல்வதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?

அவகாசம் நீண்டது. யாரோ தேநீர்க் கிண்ணத்தை நகர்த்தினார்கள். கன்பேய், கிவாவுக்கு வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவள் மறுபடி தெய்ஜியைப் பார்த்தாள். "நான் அனுப்பலை. அதுக்கு மேல சொல்ல வேண்டியது நான் இல்லை" என்றாள். அந்தப் பேச்சின் பொருள் அந்தக் கூடத்தில் ஒருவருக்குத்தான் புரிந்தது. மற்றவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது.

நீக்குவதற்குச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் கன்பேய். கைகள் உயர்ந்தன. தெய்ஜியின் கை கடைசியாக உயர்ந்தது. காது வரைக்கும் மட்டும். ஆனாலும் உயர்ந்தது.

பின்னாளில் கிவா எல்லாவற்றையும் ஓரளவு ஆறப்போட்டாள். அந்தக் கையை மட்டும் அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை அவள் கடிகாரக் கடைக்குப் போனாள். தெய்ஜியின் மனைவி வாசலிலேயே நின்று, அவர் சாமான் வாங்க வெளியூர் போயிருக்கிறார் என்றாள். உள்ளே திரைக்குப் பின்னால் அவருடைய இருமல் கேட்டது. அந்த அம்மாள் முகம் வெளிறிவிட்டது. கிவா தெருவைக் கடந்து வந்துவிட்டாள். ஆபீசில் பழைய பார்சல் பதிவுகளைத் தேடிப்பார்த்தாள். ஒரு வருஷம் தாண்டியவற்றைக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவது விதி. அந்த விதிப்படி கட்டி அனுப்பியதும் அவள்தான்.

மூன்று நாள் கழித்து வடிசாலை ஆட்கள் கைவண்டியோடு வந்தார்கள். சங்கத்து வேர் எதுவும் அவள் வீட்டில் இருக்கக் கூடாது. அவள் விதை போட்டு எடுத்ததும் சங்கத்து வேரின் பிள்ளைதான் என்பது அவர்கள் கணக்கு. நாற்றுப் பாத்தியைக் கூட மண்வெட்டியால் கொத்தி எடுத்தார்கள். கிவா கதவோரம் நின்று, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர், எதை வெயிலில் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பனிமூட்டத்துப் படகை என்ன செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியே போய்க் கெட்டுவிட்ட வகை இனி சங்கத்தில் இருக்கக் கூடாது என்று, வடிசாலை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். பதிவேட்டிலும் அவள் பெயர் மேல் ஒரு கோடு.

ஊர் வாய் சும்மா இருக்குமா. பார்சல் ஜன்னலில் வந்து நிற்பவர்கள், "பத்திரமா போயிருமா? உள்ள இருக்கறதை யாரும் எடுத்துற மாட்டாங்களே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அதிகாரி நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். கொஞ்ச காலத்துக்கு என்று சொல்லி அவளைப் பின்னறையில் கடிதம் பிரிக்கப் போட்டார். அந்தக் கொஞ்ச காலம் நாலு வருஷம் ஓடியது. அந்த நாலு வருஷமும் எதிர்க்கடையில் தெய்ஜி பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். தெருவில் எதிர்ப்பட்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். அந்தச் சந்து எங்கும் போகாது, மீன்கடைச் சுவரில் முட்டி நிற்கும். அவர் அந்தச் சுவரைப் பார்த்தபடி நிற்பதைக் கிவா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

அவள் செடி எதுவும் வைக்கவில்லை. கொல்லையில் வெங்காயமும் முள்ளங்கியும் போட்டாள்.

கன்பேய் செத்த மறு வருஷம், கிவா மறுபடி பார்சல் ஜன்னலுக்கு வந்திருந்தாள். அந்த ஜூனில் தபால் ஊழியர்கள் ஐந்து நாள் சுற்றுலா போனார்கள். மூன்றாம் நாள் யோகோஹாமா. துறைமுகம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஐரிஸ் தோட்டம் இருக்கிறது, பூக்கும் காலம், போவோம் என்று வழிகாட்டி சொன்னாள். கிவா பேருந்திலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். தோழிகள் விடவில்லை.

தூறிக்கொண்டிருந்தது. மரப்பாலத்தில் நடந்தபடி பார்க்கிற மாதிரி தோட்டத்தை அமைத்திருந்தார்கள். பழைய தலைநகர் வகைகள் வரப்போரம் நெருக்கமாக, காற்றுக்கும் மழைக்கும் அசையாத விறைப்பான தண்டுகளோடு நின்றன. அடுத்த பாத்தியில் இசே வகை, மூன்றே இதழ், நனைந்த துணி போல் கீழே தொங்குவது. வடக்கு மலை வகைகள் ஒரு மூலையில், காட்டுப்பூவின் மெலிவு மாறாமல். கடைசியில் பெரிய பூ வகைகள். அங்கே ஒரு பாத்தி முழுக்க, இருநூறு இருக்கும், சாம்பல் வெள்ளை.

கிவா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கத் திரை முன்னால் ஒரே ஒரு பூவாகத்தான் அதை அவள் பார்த்திருந்தாள். மழையில் இருநூறும் ஒன்றாக நனைந்து நின்றபோது, அந்தப் பூ இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. அது அவளுக்கு இன்னும் கசப்பாக இருந்தது.

பாத்தி முனையில் வெள்ளைப் பலகை. 'துறைமுகத்துக் காலை. வளர்த்தவர்: குவாஹாரா தெய்ஜி, உராகி.'

கொடுத்துவிட்டார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். தானே வளர்த்ததாகச் சொல்லியிருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மகனுக்கு வேலை வேண்டும், ஒரு தகப்பன் தடுமாறிவிட்டான் என்று அத்தனை வருஷமாக ஒரு மூலையில் அவருக்காக அவளே வாதாடி வந்திருந்தாள். அந்த வாதம் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கவில்லை.

ரப்பர் செருப்போடு பாத்தியில் இறங்கி வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். ரியோசுகே. அவளை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கிவா அத்தை! ஊர்லேர்ந்தா வர்றீங்க? அப்பாவோட பூவைப் பாத்தீங்களா? இந்த ஒண்ணாலதான் எனக்கு இங்க வேலையே கிடைச்சுது. பேரைப் போட வேணாம்னு ரொம்ப நாள் பிடிவாதமா இருந்தாரு. கூச்ச சுபாவம் இல்லையா. கன்பேய் பெரியவர் போன அப்புறம்தான் சரின்னாரு."

அவனுக்கு எதுவும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே இருந்தது. கிவா உண்மையை அவனிடம் உடைக்கவில்லை. அழகாக வைத்திருக்கிறாய் என்றாள். விற்பனைக் கூடத்துக்குப் போய், எல்லோரையும் போல ஒரு படிவத்தை நிரப்பி, ஒரு வேருக்குப் பணம் கட்டினாள். பூக்காலம் முடிந்ததும் பிரித்து அனுப்புவார்கள்.

ஜூலை நடுவில் அது அவளுடைய ஜன்னலுக்கே வந்தது. பாசி சுற்றிய வேர், இலை பாதியாக வெட்டியது. கழுத்தில் கம்பியால் கட்டிய அச்சடித்த தகரச் சீட்டு. பூவின் பெயர், வளர்த்தவர் பெயர். அன்று வேலை முடிந்ததும் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கடிகாரக் கடைக்குள் போனாள். இந்தத் தடவை மறைந்துகொள்ள அவருக்கு நேரம் இல்லை.

சீட்டை மேஜைமேல் வைத்தாள். தெய்ஜி பூதக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ஒரு கண்ணால் அதைப் படித்தார்.

"நீ அன்னைக்குச் சொல்லிருவேன்னு நெனச்சேன்" என்றார். "நீ சொன்னா, ஆமான்னு ஒத்துக்கலாம்னு உக்காந்திருந்தேன். நீ சொல்லலை."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் உக்காந்திருந்தேன் அண்ணே."

"பயந்துட்டேன்."

"பயம் சரி. கையைத் தூக்குனீங்களே, அது? இந்தப் பேரு, இது? இதுவும் பயமா?"

பையன் எழுதிக்கொண்டே இருந்தான், பண்ணை முதலாளியும் கேட்டார், ஒரு தடவை வாய் தவறி நானே வளர்த்தது என்று சொல்லிவிட்டேன், பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை என்று ஏதேதோ சொன்னார். சொல்லச்சொல்லக் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கிவா அவருக்கு ஒரு வருஷம் கொடுத்தாள். அடுத்த ஜூன் காட்சிக்குள் சங்கத்தில் போய் அவர் வாயால் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அவர் தலையசைத்தார். சத்தியம் செய்கிறேன் என்றார். சத்தியம் வேண்டாம், சொன்னால் போதும் என்று விட்டு வந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் சொல்லிவிடுவார் என்று அவள் நம்பினாள். அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை. முதல் தடவை ஏமாந்தது யாருக்கும் நேரக்கூடியது. இரண்டாம் தடவை கண்ணைத் திறந்துகொண்டே நம்பினாள். புத்தாண்டுக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது, சீக்கிரம் பேசுகிறேன் என்று ஓரத்தில் எழுதி. மார்ச்சில் உடம்பு சரியில்லை என்றார். மே மாதம் ததயாசு ஊரில் இல்லை என்றார். ததயாசு கன்பேயின் மகன், புதுத் தலைவர். அவர் ஊரில்தான் இருந்தார், வாரம் இரண்டு பார்சல் அவள் ஜன்னலில்தான் போட்டார்.

ஜூன் பதினாலாம் தேதி காட்சி. அன்று காலை கிவாவின் தொட்டியில் பூ முழுக்க விரிந்திருந்தது. அவள் அதை வீட்டில் வைக்கவில்லை. தபால் ஆபீசுக்குத் தூக்கிவந்து, பார்சல் ஜன்னலுக்குப் பக்கத்தில், தராசுக்கு இந்தப் பக்கம் வைத்தாள். கழுத்தில் அந்தத் தகரச் சீட்டு வந்தபடியே தொங்கியது. தன் கையால் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

வந்தவர்கள் எல்லாம் குனிந்து படித்தார்கள். யோகோஹாமா வரைக்கும் பேர் வாங்கிவிட்டாரே நம்ம தெய்ஜி என்று ஆச்சரியப்பட்டு, தெருவைக் கடந்து போய் அவரைப் பாராட்டினார்கள். மீன்கடைக்காரர் ஒரு கெளுத்தியைக் காகிதத்தில் சுற்றி, நல்ல காரியத்துக்கு என்று கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு மணிக்குள் இருபது பேராவது போயிருப்பார்கள். பதினோரு மணிக்கு தெய்ஜியின் கடை மரக்கதவு சாத்தப்பட்டது.

மதியம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தபால் தலை வாங்க வந்தார். பூவைப் பார்த்தார். சீட்டைப் படித்தார். பதிவேட்டில் கோடு போட்ட பெயர் அவருக்கு நினைவிருந்தது. "இது உன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தபால் தலை வாங்காமலே போய்விட்டார்.

அன்று வடிசாலை வீட்டுக் காட்சியில் பூவைப் பார்த்தவர்கள் குறைவு என்று சொல்வார்கள். தெய்ஜியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து, கூடத்து வாசற்படியிலேயே நெற்றி தரையில் படக் குனிந்து, எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாராம். கிவா அந்த இடத்தில் இல்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

ததயாசு மறுநாள் பயறு இனிப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தார். அப்பா காலத்தில் நடந்த தவறு என்றார், மன்னிப்புக் கேட்டார், பதிவேட்டில் பெயரைத் திரும்ப எழுதிவிட்டதாகச் சொன்னார். சங்கத்துக்கு அவள் திரும்ப வர வேண்டும். பிறகு கொஞ்சம் தயங்கி, பனிமூட்டத்துப் படகு சங்கத்தில் இப்போது இல்லை, அவளிடம் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு வேர் பிரித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார்.

"எரிச்சுட்டுத்தானே இல்லைங்கறீங்க?"

அவர் தலை குனிந்தார்.

"யோகோஹாமாவுல விக்கறாங்க. யார் கேட்டாலும் குடுக்கறாங்க. பார்சல் வந்தா நானே பத்திரமா எடுத்துவைக்கிறேன்" என்றாள் கிவா. இனிப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். அந்த ஊரில் அதைவிடக் கடுமையான மறுப்பு கிடையாது.

தெய்ஜி அந்தக் கோடையிலேயே கடையை விற்றுவிட்டு, மனைவியோடு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முன் கிவாவைப் பார்க்க வரவில்லை. அவர் வந்தால் என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருந்தாள், திட்டுவதற்கு ஒன்று, திட்டாமல் இருப்பதற்கு ஒன்று. இரண்டுமே வீணாகப் போயின.

அதன் பிறகு கிவா மறுபடி விதை போட ஆரம்பித்தாள். அவளே இதழ் பிரித்து, அவளே மகரந்தம் தடவி, அவளே பை கட்டினாள். எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. ஓய்வு பெற்ற பின் யார் கடிதம் எழுதிக் கேட்டாலும் வேரைப் பிரித்து, தபால் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினாள். வடக்குக் கோடியிலிருந்து கூட ஆட்கள் எழுதினார்கள்.

தெய்ஜி இறந்த வருஷம் ரியோசுகேயிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. கடைசி நாட்களில் அப்பா எல்லாவற்றையும் தன்னிடம் சொல்லிவிட்டார், மன்னிப்புக் கேட்கத் தனக்குத் தகுதி உண்டா என்றும் தெரியவில்லை, தோட்டத்துப் பலகையை மாற்ற அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தான். கிவா ஒரு அட்டையில் பதில் போட்டாள். பூவுக்கு அங்கே வைத்த பெயரே இருக்கட்டும், ஜனங்கள் பழகிவிட்டார்கள். வளர்த்தவர் பெயரை மட்டும் சரியாகப் போடு. நீ எதுவும் செய்யவில்லை. ஆகஸ்டில் புதுப்பலகையின் புகைப்படம் வந்தது. 'வளர்த்தவர்: ஹிராடே கிவா, உராகி.' அதை இழுப்பறையில் வைத்தாள்.

அவளுக்குப் பிறகு பார்சல் ஜன்னலில் உட்கார வந்த பெண் ஒரு ஜூனில் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், நேரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, ரயிலில் ஒரு நாள் பயணம்தானே என்று.

"போலாம்" என்றாள் கிவா. "போய், அந்த ஊதா நரம்பு ஓரத்துக்கு முன்னாடியே கரையுது பாத்தீங்களான்னு யார்கிட்டச் சொல்ல? அது புரியற ஆள் ஒருத்தர்தான் இருந்தாரு."

அவள் போகவில்லை. எழுபத்தாறு வயது வரை இருந்தாள்.